செத்த கணக்கில் வந்த கன்று

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் மரக்காணத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியது. இரும்பையில் அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. ஓடு பறக்கிற சத்தமும் முந்திரி மரம் முறிகிற சத்தமும் விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தன. மறுநாளும் மழை விடவில்லை. 27ஆம் தேதி காலையில் அம்மா பக்கத்து ஊரில் ஒருத்தர் தோட்டத்துக்கு, விழுந்த கிளைகளை வெட்டி ஒதுக்குகிற வேலைக்குப் போனாள். (ஊர் பேரும் வேண்டாம், ஆள் பேரும் வேண்டாம். அவர் ஒருத்தரைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை.) மத்தியானம் திரும்பி வந்தபோது அவள் தோள்மேல் ஈரச்சாக்கு ஒன்று கிடந்தது. சாக்குக்குள் கன்றுக்குட்டி. கழுத்து ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அவர்கள் வீட்டுக் கலப்பினப் பசு 26ஆம் தேதி விடியற்காலையில் கன்று போட்டிருக்கிறது. போட்டுவிட்டுப் படுத்தது எழுந்திருக்கவில்லை. அதிகம் பால் கறக்கிற மாடுகளுக்குக் கன்று போட்ட கையோடு உடம்பில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிவிடும். நரம்பில் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். ஆனால் சாலையெல்லாம் மரம். டாக்டர் வர வழியில்லை. 27 விடிவதற்குள் மாடு செத்துவிட்டது. கன்று அதன் மடிப்பக்கமே மழையில் கிடந்திருக்கிறது.

"ஒங்க ஆளுங்கள வரச்சொல்லும்மே, இத எடுத்துப் போடட்டும்" என்றாராம் அவர். "இப்ப யாரும் வரமாட்டாங்கய்யா" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அது உண்மை. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்து, அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். அதற்கு அங்குள்ள நம் மக்கள் செய்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்து முன்னால் போட்டார்கள். உங்கள் மாதாவை நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அந்த வருஷம் எங்கள் தெருவிலும் உட்கார்ந்து பேசினோம். இனி யார் வீட்டுச் செத்த மாட்டையும் தூக்கப் போவதில்லை, எவர் சாவுக்கும் பறை அடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தோம். தீர்மானத்தை எழுதியவன் நான். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் சொன்னதைத்தான் எண்பத்தொன்பது வருஷம் கழித்து எங்கள் தெருவில் சொன்னோம்.

ஆகவே அவர் ஜேசிபியைக் கூப்பிட்டார். மரங்களை நகர்த்திக்கொண்டிருந்த வண்டி அது. குழி தோண்டி மாட்டைத் தள்ளி மூட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டான் டிரைவர். பேரம் பேசி ஆயிரத்து இருநூறுக்கு முடிந்தது. அம்மா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் தாத்தா காலமெல்லாம் இழுத்துப் போட்டார். அது அவருடைய கடமை. இயந்திரம் இழுத்தால் வாடகை. ஜேசிபியின் கைக்குத் தீட்டில்லை. அதைத் தெருக்கோடியில் நிற்கச் சொல்வாரும் இல்லை.

குழி தோண்டி முடிந்ததும் அவர் கன்றைக் காலால் தள்ளிப் பார்த்தாராம். "இதுவும் பொழுதுக்குள்ள போயிடும். சேத்தே மூடிடு" என்றாராம். அப்போது கன்று கத்தியிருக்கிறது. அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் போய், "எங்கிட்ட குடுங்கய்யா" என்றிருக்கிறாள். "எடுத்துக்கோ. செத்தா ஒம்பாடு." இந்த மூன்றாவது சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வழக்கே அதன்மேல்தான் நடந்தது.

எனக்குக் கோபம். கொரோனாவால் வேலை நின்று ஏழெட்டு மாதமாக வீட்டில் இருந்தேன். கோபத்துக்கு நேரம் நிறைய இருந்தது. "நாமளே முடிவு பண்ணிட்டு, நீயே போயி அவன் வீட்டுக் கழிசலச் சொமந்துக்கினு வரியா?" என்று கேட்டேன். அவள் சாக்கைத் திண்ணையில் இறக்கிக்கொண்டே, "செத்தத தூக்கக்கூடாதுன்னுதான முடிவு. இது கத்துது பாரு" என்றாள். தீர்மானத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லைதான்.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் எழுத்துகளில் அடிபட்ட கதை நிறைய உண்டு. ஒன்றைத் தேற்றின கதை எழுதுவதற்கு நமக்கு வெட்கமோ என்னவோ.

முதலில் பால் கொடுக்கவில்லை. நான் அவசரப்பட்டேன், அம்மா தடுத்தாள். அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "வாயி சில்லுன்னு கீது. இப்ப ஊத்தினா உள்ள போவாது, நெஞ்சுக்குத்தான் ஏறும்" என்றாள். காய்ந்த வைக்கோல் தெருவில் யாரிடமும் இல்லை. தன் பழைய சேலை இரண்டைக் கிழித்து அதைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தாள். அடுப்படியில் கணப்புப் போட்டு, அதை ஒட்டிச் சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டோம். சாயங்காலம் விரலை விட்டபோது லேசாகச் சப்பியது. "சப்புது" என்று அவள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்தது சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வயிற்றிலிருக்கும்போதே வந்து சேர்ந்துவிடும். கன்றுக்கு அப்படி இல்லை. அது வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் சில மணி நேரத்துச் சீம்பாலில்தான் எல்லாம் வரவேண்டும். ஒரு நாள் தாண்டினால் குடல் அதை உள்ளே எடுப்பதை நிறுத்திக்கொள்ளும். இந்தக் கன்று தாய் மடியில் சப்பியதா இல்லையா என்பதே தெரியவில்லை. எங்கள் தெருவில் அத்தைமுறை ஒருத்தர் வீட்டு மாடு இரண்டு நாள் முன்னால்தான் கன்று போட்டிருந்தது. சீம்பால் என்றால் வெல்லம் போட்டுக் காய்ச்சித் தின்பது. வருஷத்துக்கு ஒருமுறை கிடைப்பது. வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அத்தை ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். "யாரு ஊட்டுக் கன்னு" என்று கேட்டாள். சொன்னதும் முகம் சுளித்தாள். ஆனாலும் சொம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

புதுச்சேரி எல்லையில் இருக்கிற எங்களுக்குக் காலி பீர் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, மருந்துக்கடையில் வாங்கிய குழந்தைப் புட்டி ரப்பரை வாயில் மாட்டினோம். ஓட்டை சின்னதாக இருக்கிறதென்று ஊசியைக் காய்ச்சி நான் பெரிதாக்கினேன். அளவு மீறிவிட்டது. பால் குபுக்கென்று இறங்கிப் புரை ஏறி, கன்று மூச்சுத் திணறியது. அம்மா என் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். முப்பது வயதில் அம்மாவிடம் அடி வாங்கினது அப்போதுதான். பிறகு கால்நடை மருந்தகத்து ஆய்வாளர் ஒருவர் போனில் விளக்கினார். கழுத்தை அண்ணாந்து பிடிக்கக்கூடாது, தாய் மடியில் குடிக்கிற உயரத்துக்குத்தான் இருக்கவேண்டும், அது தானாகச் சப்பினால்தான் பால் சரியான வயிற்றுக்குப் போகும், ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். பால் உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும். ஒரு நாளைக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. எங்கள் கன்று இருபது கிலோ இருக்கும். அப்படியானால் ரெண்டு லிட்டர்.

எங்கள் வீட்டில் பால் வாங்குகிற வழக்கம் கிடையாது. வரக்காப்பிதான். கன்றுக்காகப் பால் பாக்கெட் வாங்க ஆரம்பித்தோம். லிட்டர் நாற்பது ரூபாய்க்கு மேல். அம்மாவின் கூலி இருநூற்றைம்பது, அதுவும் வேலை இருக்கிற நாளில். மிச்சம் இருந்தால் நாம் குடிக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். "கன்னு பால எவனாச்சும் குடிப்பானா" என்றாள். ஊரெல்லாம் குடிப்பது கன்றின் பாலைத்தானே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

நான்காம் நாள் வெள்ளையாகக் கழிய ஆரம்பித்தது. கண் உள்ளே போய்விட்டது. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நின்றது. உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள், பாலையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள் என்றார் ஆய்வாளர். மாத்திரையும் கொடுத்தார். 1971இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா வந்து, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் திலீப் மகலநாபிஸ் என்ற மருத்துவர் இந்த உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைத்தான் டிரம் டிரம்மாகக் கொடுத்து ஆயிரக்கணக்கான பேரைப் பிழைக்கவைத்தார். உட்கார்ந்து ஊட்டுவதற்கு ஆள் இருந்தால் போதும். அகதிகளின் சொந்தக்காரர்களே ஊட்டினார்கள். எங்கள் வீட்டில் உப்பை அம்மாதான் அளந்தாள். பிறந்த வீடு மரக்காணம். கல்யாணம் ஆகிறவரை அளத்தில் உப்புக்கூடை சுமந்தவள். லிட்டருக்கு எத்தனை சிட்டிகை என்று நான் செல்போனில் தேடிக்கொண்டிருந்தபோது அவள் விரல் நுனியில் எடுத்துப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணீரு மாரி இருக்கணும். அதுக்கு மேல போவக்கூடாது" என்றாள். சரியாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் இரவு நான் சொன்னேன்: "உட்டுடும்மா. அதுவும் படுது, நாமளும் படுறோம்."

இந்த இடத்தில் நிற்கவேண்டும். ஏனென்றால் இந்தியாவில் நோயுற்ற ஒரு கன்றைப் பற்றிய மிகப் பெரிய விவாதம் இந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் நடந்தது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஊனப்பட்ட கன்று ஒன்று வேதனையில் கிடந்தது. வைத்தியமும் பராமரிப்பும் செய்து பார்த்தார்கள். இனிப் பிழைக்காது என்றார் மருத்துவர். காந்தி ஆசிரமத்தாரோடு கலந்து பேசி, தாம் பக்கத்தில் இருக்க, விஷ ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார். அதை மறைக்காமல் ‘நவஜீவ’னிலும் ‘யங் இந்தியா’விலும் எழுதினார். கோபக் கடிதங்கள் குவிந்தன. அகிம்சைக்காரர் பசுங்கன்றைக் கொன்றுவிட்டார் என்று வைதார்கள். மனிதருக்கும் இதே விதியா என்று கேட்டவர்களுக்கும் அவர் பதில் எழுதினார். காந்தியோடு நமக்கு இருக்கிற கணக்கு வேறு, பூனா ஒப்பந்தத்துக் கணக்கு, அது தீரவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். பசு என்ற படத்தைப் பார்க்காமல் வலியில் கிடந்த கன்றைப் பார்த்தார். அதற்கு அன்றைக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நான் படித்தவரை அந்த விவாதத்தில் இரண்டே கட்சி. கொல்லலாம் என்று ஒன்று, கூடாது என்று ஒன்று. பராமரிப்பு என்று ஒரு வார்த்தை வருகிறதே, அது யார் கை? ராத்திரி எழுந்து புரட்டிப் போட்டது யார், சாணியை வழித்தது யார், எந்த வேளையில் அவர்களுக்குக் கை ஓய்ந்தது? அவர்களிடம் யாராவது கேட்டார்களா? ஜீவகாருண்யம் என்று நம் நாட்டில் பேசப்படுவதெல்லாம் கொல்லாதே என்பதோடு நின்றுவிடுகிறது. கொல்லாமல் விட்டது சாகாமல் இருக்கவேண்டுமே. அதற்குச் செலவு உண்டு, கூலி இல்லாத உழைப்பு உண்டு. அந்த உழைப்புக்கு அறநூல்களில் பெயர் கிடையாது.

எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளலாம். இரும்பை மாகாளம் சம்பந்தர் பாடிய தலம். அங்கே கடுவெளிச் சித்தரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தவத்தில் எலும்பும் தோலுமாகிப் புற்று மூடிக் கிடந்தவர், நீட்டுகிற கையில் உதிர்ந்து விழும் இலையை மட்டும் தின்பாராம். கோயிலில் ஆடுகிற பெண்ணொருத்தி அந்தக் கையில் அப்பளம் வைத்து வைத்து, அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றி வெளியே கொண்டுவந்தாளாம். பிறகு ஊரார் அவரைக் கேலி பேச, அவர் பாட, லிங்கம் வெடித்தது என்று கதை போகும். கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெடித்த லிங்கத்தை விசாரிக்கிறார்கள். அப்பளம் வைத்தவளைப் பற்றி விசாரிக்கிற ஒருத்தரை நான் இன்னும் பார்க்கவில்லை. ராஜா அனுப்பித்தான் அவள் போனாள், மயக்கத்தான் போனாள் என்பார்கள். இருக்கட்டும். பசித்த வாய்க்குத் தினமும் ஒன்றைக் கொண்டுபோய் வைக்கிறவள் எத்தனை நாள் ராஜாவுக்காகவே வைத்துக்கொண்டிருக்க முடியும்?

"உட்டுடும்மா" என்று நான் சொன்னதில் கன்றின் வலி எவ்வளவு, என் தூக்கம் எவ்வளவு? இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காந்தியின் கன்றுக்கு மருத்துவர் கைவிரித்திருந்தார். எங்கள் கன்றுக்கு யாரும் கைவிரிக்கவில்லை, நான்தான் விரித்தேன். அம்மா பதில் சொல்லவில்லை. பாட்டிலை என்னிடம் நீட்டி, "ரெண்டு மணிக்கு நீ எழுந்து குடு. நான் செத்த படுக்கறன்" என்றாள். கூட்டங்களில் பெண்விடுதலை பேசுகிறவன் நான். அதற்கு முந்தின நாலு இரவும் ரெண்டு மணிக்கு எழுந்தவள் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரெண்டு மணிக்கு எழுந்தேன். சப்பியது.

ஒன்பதாம் நாள் பின்கால் இரண்டையும் ஊன்றி, முன்கால் மடிந்து, மறுபடி விழுந்து, ஒருவழியாக நின்றது. தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மாசியில் தவிடு தின்றது, பங்குனியில் முந்திரிக்காட்டில் பிள்ளைகளோடு ஓடியது. பெயர் புயலு. நான் வைத்ததில்லை.

2021 ஆடியில் அவர் வந்தார். பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் நின்றபடி கூப்பிட்டார். வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் அவர் வரவேண்டும் என்று நாங்களும் ஏங்கிக் கிடக்கவில்லை. கன்று அப்போது எட்டு மாதக் கிடேரி, நல்ல வாட்டம். சந்தையில் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது.

"இன்னாம்மே, கன்னு நல்லா தேறிடுச்சே. ஒரு நாளு வந்து ஓட்டிக்கினு போறன்."

"எந்தக் கன்னுங்கய்யா?"

"எங்க கன்னுதான். சும்மா ஒண்ணும் வாணாம். வாரத்துக்கு வுட்டதா வச்சிக்கோ. வித்தா பாதி ஒனக்கு."

வாரம் என்றால் வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மாடு அவர்களுடையது, வளர்ப்பது நாம், விற்றாலோ ஈன்றாலோ பாதி. நிலம் இல்லாத எங்கள் ஜனங்கள் பாதி மாட்டுக்குச் சொந்தக்காரர் ஆவது இந்த வழியில்தான். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. கொடுக்கும்போது மாட்டுக்கு ஒரு விலை மதித்துக் கொடுக்கவேண்டும். அன்றைக்கு அந்தக் கன்றின் மதிப்பு என்ன? ஜேசிபி குழியில் ஒரு மூலை.

அம்மா ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"செத்தா ஒம்பாடுன்னு குடுத்தீங்கய்யா. செத்த மாட்டுக்கு எப்பவும் நாங்கதான பாத்தியத? எங்க மாமனாரு காலத்துலேந்து அதான வழக்கம். தோலும் எங்களுது, கறியும் எங்களுது, கொம்பும் எங்களுது. நீங்க வந்து கேட்டது இல்லியே. அந்தக் கணக்குலதான் எடுத்தாந்தன்."

"அது செத்தா பூடுச்சி? உசுரோடதான குடுத்தன்?"

"அப்ப உசுரோடவா பொதைக்கச் சொன்னீங்க?"

அவர் பதில் பேசவில்லை. என்னைப் பார்த்தார். படித்தவன் நியாயம் சொல்வான் என்று நினைத்திருப்பார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தெருவில் அன்றைக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு பையன்கள் அம்மாவை வக்கீலம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

நாங்கள் எந்த வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் போட்டோமோ, அதே வழக்கத்தின் பேரால் ஜெயித்திருக்கிறோம். செத்த மாடு எங்களுக்குச் சொந்தம் என்பது உரிமையா? சாதி எங்கள் கழுத்தில் கட்டிய ஓடு அது. 1948இல் வந்த தம் நூலில் அண்ணல் தீண்டாமையின் வேரைத் தேடிப்போய் நின்ற இடமே செத்த மாட்டிறைச்சிதான். அந்த ஓட்டை எடுத்துக் காட்டி, இதில் விழுந்தது எனக்கே என்று அம்மா வாதாடினாள். பாலுக்குச் செலவழித்த கணக்கைச் சொல்லியிருக்கலாம், தூங்காத இரவுகளைச் சொல்லியிருக்கலாம், உயிர் கொடுத்தவளுக்கே உயிர் சொந்தம் என்று சொல்லியிருக்கலாம். ராத்திரி அவளிடம் இதையெல்லாம் கேட்டேன். "அதெல்லாம் சொன்னா அவுரு காதுல ஏறுமாடா?" என்றாள். "பாலு கணக்கச் சொன்னா ரெண்டாயிரத்த எடுத்து வச்சிட்டு ஓட்டிக்கினு பூடுவாரு. அவுரு பாஷைல சொன்னாத்தான் அவுருக்கு வாயடைக்கும்."

இதற்கு என்னிடம் இன்னும் தெளிவான பதில் இல்லை. தோழர்கள் சிலரிடம் பேசினேன். ஒடுக்குகிறவனின் ஆயுதத்தைப் பிடுங்கி அவனையே அடிப்பதில் தப்பே இல்லை என்றார் ஒருவர். அந்த ஆயுதத்தைக் கையில் எடுக்கும்போதே அது செல்லும் என்று ஒத்துக்கொள்கிறோம், நாளைக்கு அதே வழக்கத்தைச் சொல்லி மாடு தூக்க வா என்பான் என்றார் இன்னொருவர். இரண்டாமவர் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு மாதம் கழித்து அந்த ஊரிலிருந்து ஆள் வந்தது. "ஒரு மாடு கெடக்குது. ஒங்களுதுதானாமே, ஒங்க அம்மா சொன்னாங்களாமே" என்றான் சிரித்துக்கொண்டு. நான் வெளியே வருவதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். "உசுரு இருந்தா சொல்லு, வரன்" என்றாள்.

எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு ஆபுத்திரன் நினைவு வரும். மணிமேகலையில் பெற்ற தாய் போட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காத்தது. அந்தப் பிள்ளையை ஒரு பார்ப்பனர் எடுத்து வளர்த்தார். வளர்ந்தவன் வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போனான். அடித்தார்கள், பிறப்பைச் சொல்லி இழித்தார்கள், துரத்தினார்கள். வகுப்பில் அதைப் பசுவின் பெருமை என்று நடத்தினார்கள். எனக்கு அது பாலுக்கான கதை. ஏழு நாள் பாலைக் குடித்தவன், அந்தக் கடனுக்காகத் தன் ஊரையே இழந்தான். அவனும் யாருக்கும் சொந்தமான மாட்டைத்தான் ஓட்டிக்கொண்டு போனான். திருட்டு என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அவனிடம் சொல்வதற்குச் செத்த கணக்குக்கூட இல்லை.

அம்மாவுக்கும் இழப்பு வந்தது. அடுத்த முந்திரிப் பருவத்தில் அவர் தோட்டத்தில் அவளைக் கூப்பிடவில்லை. அவருடைய பங்காளிகள் தோட்டங்களிலும் கூப்பிடவில்லை. ரெண்டு மாதக் கூலி. அத்தைமுறைக்காரிக்கும் வேலை போனது, சீம்பால் கொடுத்தவள் என்ற ஒரே குற்றத்துக்கு. அவள் அம்மாவோடு கொஞ்ச நாள் பேசவில்லை. ஒரு கன்றுக்கு இத்தனை விலை கொடுக்கலாமா என்று தெருவில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கேட்டவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன.

புயலு 2023 புரட்டாசியில் கன்று போட்டது. முதல் சீம்பால் ஒரு சொம்பு அத்தை வீட்டுக்குப் போனது. அத்தை வாங்கிக்கொண்டாள்.

போட்டது காளைக்கன்று. இன்றைக்குக் காளைக்கன்றுக்கு வேலை கிடையாது. உழ டிராக்டர், சினைக்கு ஊசி. பசு மாதா என்று கொடி பிடிக்கிறவர்கள் வீட்டுக் கொட்டாயிலும் அது ஒரு வருஷம் தாண்டி நிற்பதில்லை. எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். நாங்கள் மாட்டுக்கறி தின்கிறவர்கள், எங்களுக்குத் தெரியும். அம்மாவும் தின்பாள். புயலு வந்த பிறகும் நிறுத்தவில்லை. "அது வேற மாடு" என்பாள் சட்டியைக் காட்டி. இதில் முரண் இருக்கிறதென்று கண்டுபிடிக்க எம்.ஏ. தேவையில்லை. எல்லாப் பசுவையும் கும்பிட்டுவிட்டு ஒன்றை மழையில் விடுகிறவர்களின் முரண் அவளுக்கு இல்லை, அவளுடைய முரண் அவளுக்கு.

2024 ஐப்பசியில் வியாபாரி வந்தார். காளைக்கன்றுக்கு ஒன்பதாயிரம் பேசி முடிந்தது. நீ குழியிலிருந்து எடுத்த மாட்டின் கன்றாச்சே என்று நான் கேட்டேன். "தெரியும்டா" என்றாள். கூலியில்லாத காலத்துக் கடன் பாக்கி அப்படியே இருந்தது, எனக்கும் அது தெரியும். நோட்டை என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னாள். எண்ணினேன், சரியாக இருந்தது. அதில் ஐந்நூறைப் பிரித்துப் புண்ணாக்குக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

புயலு ரெண்டு நாள் கத்திக்கொண்டிருந்தது. ரெண்டு ராத்திரியும் அம்மா கொட்டாயில் அதன் பக்கத்தில்தான் பாயைப் போட்டுப் படுத்தாள்.